விண்மீன் கொத்துகள் விரட்டிய வாயு

பேருந்தில் துண்டுப் பிரசுரம் விற்பவனுக்கு, உட்கார்ந்திருப்பவர் மடியில் தாளை வைப்பது சுலபம். திரும்பப் போய் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். விற்றுப் பார்த்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூலி உயர்வுக்கும் பட்டாவுக்கும் எழுதிய கையால் விண்மீன்களைப் பற்றி எழுதினேன். "இந்தக் கட்டு வித்துத் தீரலைன்னா வானத்த இதோட விட்டுடணும்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். உழைக்கிறவனுக்கு வானம் எதற்கு என்று பண்ணையார் கேட்டால் சண்டை போடலாம். சொந்தச் சங்கமே கேட்டால்? அப்போதும் சண்டைதான்.

சின்னசேலம் வண்டியில்

'ஒன்றாய்த் திரள்வோம், வெளியே தள்ளுவோம்!' என்று தலைப்பு வைத்திருந்தேன். எனக்குத் தலைப்பென்றால் அப்படித்தான் வரும். விஷயம் இதுதான்: சில விண்மீன் மண்டலங்கள் விண்மீன்களை அவசர அவசரமாகப் பெற்றுத் தள்ளுகின்றன. அங்கே பெருத்த விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. அவற்றின் ஒளி, அவை வீசும் காற்று, அவை வெடித்துச் சாகும் வேகம் எல்லாம் சேர்ந்து சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி, மண்டலத்துக்கு வெளியிலேயே ஊதித் தள்ளிவிடும். ஒற்றை விண்மீனால் அது ஆகாது.

கள்ளக்குறிச்சி நிலையத்தில் நின்ற வண்டியில் இதைத் தொண்டை கிழியப் பேசினேன். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தலைவரே, யாரை வேணா வெளிய தள்ளிக்கோங்க, மொதல்ல நீங்க எறங்குங்க."

ரிஷிவந்தியம் டீக்கடையில்

ஒரு காலத்தில் என் கூலிப் போராட்டத்தால் அறுவடை நின்றுபோன நிலக்காரர் ஒருவர், பிரசுரத்தை ஓசியில் கடைசி வரி வரை படித்தார். பிறகு கடையே கேட்கும்படி சிரித்தார். "வாயு போயிட்டா புதுசா விண்மீன் பொறக்காதுன்னு நீயே போட்டுக்கிற. சங்கம் வெச்ச ஊர்ல வேற இன்னா நடக்கும்?"

வெள்ளிமலைச் சந்தையில்

அந்த எரிச்சலோடுதான் மலையேறினேன். வனத்துறையார் காட்டு நிலத்தை விட்டுப் போகச் சொன்னபோது ஏரைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்ற செல்லி, கடுக்காய் விற்றுக்கொண்டே நான் வாசித்ததைக் கேட்டாள்.

"ஏண்ணே, அந்த வாயுதான அங்க மொதல்ல இருந்துச்சு?"

"ஆமா. அதுலருந்துதான் விண்மீனே பொறக்குது."

"அப்ப தொரத்துறவங்க பக்கம் நின்னுக்கினு இன்னாத்துக்கு இப்பிடிக் கத்துற?"

சும்மா இருப்பேனா? எல்லாமே போய்விடுவதில்லை, தப்பிக்கும் வேகம் இல்லாத வாயு வெளியே ஆறி, மறுபடி மண்டலத்துக்குள்ளேயே விழும், அதிலிருந்து புது விண்மீன்கள் பிறக்கும் என்றேன். செல்லி தராசைக் கீழே வைத்தாள். "இத்த வுட்டுட்டு வேற எத்தையோ வித்துக்கினு கீறியே! திரும்பி வருதுன்னு பெருசா போட்டு எடுத்தா, இந்த மலையில ஒருத்தரு விடாம வாங்குவோம்."

பழைய கட்டு தீரவில்லை, செயலாளரைக் கேட்காமலே புதுத் தலைப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் என்னை வெளியே தள்ளினால் ஆறிக்கொண்டு திரும்பி வருவதற்கு நான் ஒன்றும் வாயுவைவிட மட்டமில்லை.