தவக்கால ரோஜாவும் என் லீவும்

என் லீவை ஒரு செடி பிடித்து வைத்திருந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

துபாயில் ஒரு வெள்ளைக்கார மேடத்தின் வில்லாவில் எனக்குத் தோட்ட வேலை. தங்குவது அல் குசைஸ் பகுதியில், நம்மூர் ஆட்கள் சேர்ந்து இருக்கிற ஒரு ரூமில். நான் லீவு கேட்ட வாரம் பார்த்து மேடம் தன் நாட்டிலிருந்து ஒரு பெட்டி நாற்று வரவழைத்தார். தவக்கால ரோஜாவாம். பெயரில்தான் ரோஜா. முள்ளும் இல்லை, வாசமும் இல்லை. பனியில் பூக்கிற சாதி. அதைப் பாலைவனத்தில் பூக்கவைக்க வேண்டுமாம்.

"மகளப் பாக்கணும் மேடம்" என்றேன்.

மகள் எங்கேயும் ஓடிவிட மாட்டாள், முதலில் இது பூக்கட்டும் என்றார்.

நான் துபாய் வந்த பிறகு பிறந்தவள் அவள். அவளுக்கு அப்பா என்றால் போன்தான். போன் கை தவறினால் "அப்பா விழுந்துட்டாங்க" என்று அழுவாள்.

இளஞ்செடி பூக்கச் சில வருஷம்கூட ஆகலாம் என்று பெட்டியில் போட்டிருந்ததை, வில்லாவின் காயல்பட்டினத்து டிரைவர் படித்துச் சொன்னார். இருந்தாலும் நட்டேன். மக்கிய இலை கலந்த மண்ணில், குருத்து மூடாமல், தொட்டியோடு வேப்பமர நிழலில் புதைத்தேன். வெயில் தொடங்கியதும் எல்லாவற்றையும் தோண்டியெடுத்து ஏசி போட்ட ஸ்டோர் ரூமில் வைத்தேன்.

ஒரு நாள் அந்த ஏசி நின்றது. மேடம் போன் போட்ட சூட்டோடு மெக்கானிக் வந்துவிட்டார். எங்கள் ரூம் ஏசி மாசக்கணக்காக ஓடவில்லை. ரூம் ஓனரைக் கேட்டால் "பாக்கலாம் பாய்" என்பதோடு சரி. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு செடிகளோடு போய் உட்கார்ந்துகொள்வேன்.

ரூமில் கூட இருந்த பெரம்பலூர்க்காரருக்கு எரிச்சல்.

"ஏன்யா மாரடிக்கிற? ஒரு சொம்பு வெந்நிய ஊத்து. செடி கலாஸ், நீ ஊருக்குப் போ."

"செடி என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினேன். கத்திவிட்டு, வெந்நீரைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கை வரவில்லை.

அடுத்த குளிரில் மொட்டு விட்டது. ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் விரிந்த பூவெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்தன. எங்கள் பக்கம் பூ அப்படித் தொங்கினால் செடி சாகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றினேன், நிமிரவில்லை. பூ செத்தால் லீவும் செத்தது. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூ கட்டுகிற நூலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பூவையும் குச்சியோடு நிமிர்த்திக் கட்டினேன்.

மேடம் வந்து பார்த்தார். நூலை அவிழ்த்தார். பிறகு தரையில் மல்லாந்து படுத்துக் கீழேயிருந்து பூவைப் பார்த்தார். அது குனிந்துதான் பூக்குமாம். என்னையும் படுக்கச் சொன்னார். படுத்தேன். அந்தப் பக்கம் வந்த டிரைவர், "யா அல்லா! ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்று ஆம்புலன்சுக்குப் போன் போடப் போய்விட்டார்.

எழுந்ததும் மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கைராசியை நம்பி இன்னொரு பெட்டிக்குச் சொல்லிவிட்டாராம். அதுவும் பூத்த பிறகு ஊருக்குப் போகலாமாம். அன்று வீட்டுக்குப் போன் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

புதுப் பெட்டி வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. அது எந்தக் குடோனில் கிடந்ததோ, திறந்தால் அத்தனை நாற்றும் வெந்த கீரை. பூக்கும்வரை காத்திருக்க இனி செடியே இல்லை என்ற சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தை மூடினேன். மூடியதும் மகள் முகம் வந்தது. அதற்கப்புறம் வந்தது நிஜமான அழுகை, தோளெல்லாம் குலுங்கியது.

மேடம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. செடிகள்மேல் நான் இவ்வளவு உயிரை வைத்திருப்பது தெரியாமல் போயிற்றாம். உடனே ஊருக்குப் போய் மனசை ஆற்றிக்கொண்டு வரச் சொன்னார். நான் துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினேன்.

மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது கிடைக்காத லீவு, செத்த நாற்றுக்கு அழுகிறேன் என்று நினைத்ததும் கிடைத்தது. ஏர்போர்ட் போகிற வழியெல்லாம் எனக்குத் தாங்க முடியாத கோபம். தாங்க முடியாத சந்தோஷமும்தான்.