காலியாக ஓடத் தெரியாத கார்

உலக மோட்டார் வாகன வரலாற்றை எழுதியவர்கள் யாரும் ஜவ்வாது மலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைக்கு பஸ் குறைவு. கடைசி பஸ்ஸை விட்டால் இறங்கவும் வழியில்லை. ஆகையால் ஜமுனாமரத்தூர் தீர்த்தகிரி அவர்களின் வாழ்வையும் பணியையும் பதிவுசெய்யும் பொறுப்பு, வேறு ஆள் கிடைக்காமல், இந்தக் கட்டுரையின் தலையில் விழுந்திருக்கிறது.

தீர்த்தகிரிக்கு முப்பத்தாறு வயது. சாமையும் புளியும் விளைவிக்கும் குடும்பம். வேலூரில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு, சென்னைக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் மூன்று வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். வரிசையில் வரும் ஒவ்வொரு காரிலும் இடது பின்சக்கரத்துக்கு மேலே நான்கு போல்ட் முடுக்குவது அவர் வேலை. இரண்டு லட்சம் கார்களைத் தொட்டிருப்பார். ஒன்றைக்கூட முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. ஒப்பந்தம் முடிந்து மலைக்குத் திரும்பி பைக் பட்டறை போட்டபோது, காரின் மிச்சப் பாகங்களையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் கூடவே பஸ் ஏறி வந்தது.

பஸ் என்றதும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த மாமனிதருக்கு வண்டியில் ஏறினால் வாந்தி வரும். அமிர்தி வழியாக வேலூர் போய்வர அவருக்கு ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு பிளாஸ்டிக் பையும் தேவை. வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் அவர் மனைவி கலைவாணி. குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, மலைச் சரக்கைக் கண்ணமங்கலத்துக்கு இறக்குவது அவர் தொழில். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் புருஷனிடம் பையை நீட்டும் ஆற்றல் உடையவர்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பந்தயப் பயிற்சிப் பள்ளி இணையத்தில் ஓர் அறிவிப்பு போட்டது. மாணவர்கள் இடித்துப் பழக எடை குறைந்த கார் வேண்டும். நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. பாகம் பாகமாகப் பெட்டியில் வர வேண்டும். பள்ளி மெக்கானிக்குகளே கோத்துக்கொள்வார்கள். தடத்தில் பதினைந்து சுற்று ஓடிக் காட்டி, சோதனையில் தேறினால் ஆறு கார்களுக்கு ஆர்டர்.

"இடிக்கறதுக்கே கார் கேக்கறாங்கடி" என்றார் தீர்த்தகிரி.

"இடிக்கறதுக்குன்னா நம்ம கையால செஞ்சது பொருத்தமாதான் மாமா இருக்கும்" என்றார் கலைவாணி.

உற்சாகம் இவ்வளவு கிடைத்தபின் தாமதிக்க முடியுமா? பைக்குகள் ஓரம் கட்டப்பட்டன. வேலூர் பழைய வண்டிக் கடையிலிருந்து எண்ணூறு சிசி இன்ஜின் ஒன்று மலை ஏறியது. இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, ஒரு கூடு எழுந்தது. மேலே தகரம் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. தலைக்கு மேலே வளைந்த பாதுகாப்புக் குழாய் ஒன்று, வலப்பக்கம் ஒற்றை இருக்கை, ஆளை அதோடு இறுக்கிக் கட்டும் பட்டைகள், பின்னால் இன்ஜின். எடை குறைக்க, எங்கெல்லாம் தகடு இருந்ததோ அங்கெல்லாம் டிரில் மெஷினால் ஓட்டை போட்டார். மொத்தக் காரையும் பதிமூன்றாம் நம்பர், பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இரண்டைக் கொண்டே கழற்றி மாட்டலாம் என்பது அவர் செய்த ஏற்பாடு. தொழிற்சாலைப் போல்ட்டுகள் மேல் அவர் தீர்த்துக்கொண்ட வஞ்சம் அது.

ஊர் இதை ஒரு காராக ஒப்புக்கொள்ளவில்லை. "எப்பப்பா மேல தகரம் அடிப்ப?" என்று ஒன்றரை வருஷமும் கேட்டது. "இவ்ளோதாங்க, முடிஞ்சிடுச்சு" என்று அவர் சொன்னதும், பாவம், கையில் காசில்லை போலிருக்கிறது என்று நகர்ந்தது.

பைக் வருமானம் நின்றுபோனதில் கணவன் மனைவிக்குள் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கலைவாணியின் அண்ணன் விஜயராஜ் சூப்பர்வைசர். தங்கை புருஷனுக்கு மெஷின் பார்க்கும் வேலை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கூட்டை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அடுத்த திங்கட்கிழமை இருவரும் திருப்பூர். கலைவாணியின் குட்டியானையையும் விற்றுவிடுவது. இதை இருவரும் சிரித்துக்கொண்டேதான் பேசி முடித்தார்கள். பேசியபின் இரண்டு நாள் யாரும் சிரிக்கவில்லை.

இனி வெள்ளோட்டம். கோடை விழா நடக்கும் மைதானத்தை மாசி மாதத்தில் கேட்டு வாங்கினார்கள். கிழக்கு முனையில் சின்னராஜ் என்பவரின் நிலமும் புளியமரங்களும். மேற்கு முனையில் புளி எடுக்கும் வியாபாரியின் கொட்டகை. முதல் நாள் கலைவாணி ஹெல்மெட் போட்டு இரண்டு சுற்று முடிப்பதற்குள் சின்னராஜ் குறுக்கே வந்து கை காட்டினார்.

"இன்னாப்பா தீர்த்தகிரி, அந்தாண்டதான போவுது வண்டி?"

"போவலண்ணே, சுத்துது. சோதன."

"சுத்தறப்ப அந்தாண்டயும் போவுமில்ல? இத்த அங்க எறக்கிட்டு அப்பறம் சுத்தட்டும்."

ஐம்பது கிலோ புளி மூட்டை ஒன்று இடப்பக்கம் ஏறியது. மலையில் காலியாக ஒரு வண்டி போவது, பந்தியில் வெறும் இலை விரித்து எழுந்து போவதற்குச் சமம். தீர்த்தகிரி மறுக்கவில்லை, மறுக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. மூட்டை மேற்கே இறங்கியது. திரும்பும் பாதி காலியாக வருமே என்ற கவலை சின்னராஜுக்கு வந்தது. ஆகவே மைதானத்தின் குறுக்கே நடந்து மேற்கே போய், இடப்பக்கம் அவரே ஏறிக்கொண்டார். அவர் எடையும் மூட்டை எடையும் ஒரு கிலோ முன்னே பின்னே.

இப்படி மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் ஆராய்ச்சி நடந்தது. வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்கிறது என்ற குறையைத் தீர்த்தகிரி கூர்மையாகக் கண்டுபிடித்தார். இடது ஸ்பிரிங்குகளை முடுக்கி முடுக்கி நேராக்கினார். சாய்வதற்குக் காரணம் மூட்டை என்பது மட்டும் கண்ணில் படவில்லை. மைதானத்து மண்ணைப் போல, காற்றைப் போல, மூட்டையும் அங்கே எப்போதும் இருப்பது. முடிவில் வண்டி நூல் பிடித்தாற்போல ஓடியது. சின்னராஜின் புளியும் முழுக்க விற்றது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, குட்டியானையின் முதுகில் கூட்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். சோதனை செய்பவர் கோபால்சாமி என்ற பொறியாளர். எதைப் பார்த்தாலும் முகம் மாறாதவர். எடை போட்டார். முந்நூற்று எழுபத்தெட்டு.

"யார் ஓட்டறது?"

தீர்த்தகிரி மனைவியைக் காட்டினார். எலுமிச்சம்பழம் இன்னும் கையிலிருந்தது.

மூன்றாவது சுற்றிலேயே கலைவாணி வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கிறது. இடது சக்கரங்கள் வழுக்குகின்றன. கோபால்சாமி தாளில் ஏதோ குறித்தார். "இப்படி இருந்தா நான் பசங்கள ஏத்த முடியாதுங்க."

தீர்த்தகிரி நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தார். பிரேக் சரி. டயர் சரி. இடப்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நிற்கிறது. மலையில் நேராகத்தானே நின்றது? திருப்பூர் மெஷின்களின் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது.

"இன்னாடி பண்ணுது? சரியா சொல்லு."

கலைவாணி ஹெல்மெட்டைக் கழற்றி யோசித்தார். "எப்பிடி சொல்றது மாமா... பக்கத்துல குந்தினு இருந்த ஆளு எறங்கிப் போய்ட்ட மாதிரி கீது."

தீர்த்தகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். "சின்னராஜண்ணன்!"

"சின்னராஜா? அது என்ன பார்ட்?" என்றார் கோபால்சாமி. "ஏன் மாட்டிட்டு வரல?"

"நெலத்துல வேலையிருக்குதுங்க சார்" என்றார் கலைவாணி.

விஷயம் முழுவதையும் கேட்டபோது கோபால்சாமியின் முகம் அன்றைக்கு முதல் முறையாக மாறியது. மூன்று மாதம் புளி மூட்டையோடு சரிசெய்யப்பட்ட பந்தயக் காரை அவர் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. "சரி, இப்பவும் ஒரு மூட்டை வெச்சிடலாமா?" என்று அவரே கேட்டு, அவரே கணக்குப் போட்டார். நானூற்று இருபத்தெட்டு. தேறாது.

"மத்தியானச் சாப்பாடு முடியற வரைக்கும் டைம் தர்றேன். ஒரு மணி நேரம்."

ஓட்டுகிறவர் வலப்பக்கம், பேட்டரி வலப்பக்கம், பெட்ரோல் தொட்டியும் வலப்பக்கம். எல்லாப் பாரத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கத்தைச் சின்னராஜிடம் ஒப்படைத்திருந்தார் தீர்த்தகிரி. இப்போது இரண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்தார். பேட்டரியைக் கழற்றி இடப்பக்கம் கொண்டுபோனார். மாட்ட ஓட்டை வேண்டுமே? ஓட்டைக்கா பஞ்சம்! எங்கே வைத்தாலும் பொருந்தியது. தொட்டியை மாற்றியபோது பெட்ரோல் குழாய் ஒரு சாண் குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்த பள்ளி மெக்கானிக் ஒருவர் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி, கிடங்கிலிருந்து வேறு குழாய் கொண்டுவந்தார். தீர்த்தகிரி இடது ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினார். கலைவாணியை இருக்கையில் உட்கார வைத்து, நாலு பக்கமும் உயரம் அளந்தார்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காத, கம்முனு குந்து."

"நீ மொதல்ல மூச்சு வுடு மாமா."

நாற்பத்தொரு நிமிஷம். கோபால்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி தடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். காரைப் பார்க்க ஆசைப்பட்டு ஒன்றரை வருஷம் கழித்தவர், அதைப் பார்க்கத் துணிவில்லாமல் சத்தத்தை எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது. பதினோராவது சுற்றில், தூரத்து நேர்ப்பாதையில், டயர் கிறீச்சிட்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

கலைவாணிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? திரும்பி ஓடினார்.

கார் இரண்டு ஆரஞ்சு கூம்புகளுக்கு நட்டநடுவே நின்றிருந்தது. பின்னால் தார் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள், நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல. கோபால்சாமி கொடி காட்டித் திடீர் பிரேக் பிடிக்கச் சொல்லியிருந்தார். அவர் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். எழுந்து, கொடியை மறுபடி அசைத்தார். மிச்சம் நான்கு சுற்றையும் தீர்த்தகிரி நேருக்கு நேர் நின்று, முன்பக்கமிருந்தே பார்த்தார்.

முடிந்ததும் கோபால்சாமி ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இளகவில்லை. "ஆறு இல்லீங்க" என்றார். தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். "மொதல்ல ரெண்டு. எங்க பசங்க கைல ஆறு மாசம் தாங்கினா மிச்சம் நாலு. ஒரு மணி நேரத்துல வண்டிய மாத்திக் கட்டினீங்களே, அதத்தான் நான் வாங்கறேன். இருக்கையையும் நடுவுக்குக் கொண்டாந்துடுங்க."

தீர்த்தகிரி திருப்பூர் மச்சானுக்குப் போன் போட்டார். "திங்கக்கெழம வரலீங்க மச்சான்."

"அப்ப இங்க மெஷின யாரு பாப்பாங்க?" என்று விஜயராஜ் கத்தியது கலைவாணிக்கும் கேட்டது. அவர் போனை வாங்கி, "நீயே பாரு அண்ணே. நாலு போல்ட்டு முடுக்கறதுதான வேல" என்று சொல்லி அணைத்தார்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தொழிற்சாலை முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றது. தகரக் கொட்டகை ஒன்றுக்குத் தொழிற்சாலை என்று பெயர் சூட்டுவதில் தீர்த்தகிரிக்குக் கூச்சம். கலைவாணி படிவத்தைப் பிடுங்கி, ஜமுனாமரத்தூர் என்று பெரிதாக எழுதினார். 'பணியாளர் எண்ணிக்கை' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார். அவரவர் பதவியையும் கேட்டிருந்தார்கள். தமக்கு 'தலைமைச் சோதனை ஓட்டுநர்' என்று எழுதிக்கொண்டு, புருஷனுக்கு என்ன போடுவது என்று சிறிது யோசித்தார்.

"இன்னா போடட்டும் மாமா?"

"காரு செய்யறவன்னு போடு."

அப்படியே போட்டார்.