இரஞ்சிதம் கட்டிய கொடிகள்

கலியாணமாகி முன்னேஸ்வரத்துக்கு வந்த நாள் முதல், புருஷன் மார்க்கண்டுவின் வெற்றிலைத் தோட்டத்துக்குள் இரஞ்சிதம் காலடி வைத்ததில்லை. பெண் உள்ளே போனால் கொடி கருகும் என்று ஊரே நம்பியது. பறித்துவந்த வெற்றிலையைப் போடுவதற்கு மட்டும் பெண்களுக்குத் தடையில்லை. அது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டின் கடைசியில் இலங்கையில் மலேரியா பரவியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயில் விழுந்தார்கள். மார்க்கண்டுவும் விழுந்தார்.

வெற்றிலைக்கொடி தானாக நிற்காது. கணுவுக்குக் கணு சின்ன வேர்விட்டு, முள்முருக்கு மரத்தைப் பிடித்துத்தான் ஏறும். வேர் பட்டையில் பிடிக்கும்வரை யாராவது வாழைநாரால் கட்டிவிட வேண்டும். கட்ட ஆளில்லாமல் கொடிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மண்ணில் கிடந்தால் அழுகிப்போகும். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தோட்டத்தை நம்பித்தான்.

தான் போய்க் கட்டட்டுமா என்று இரஞ்சிதம் கேட்டாள். மார்க்கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டாள். வாசலுக்கு நேரே சரிந்து கிடந்த கொடியை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்:

“கணுவுக்குக் கீழ கட்டு. இறுக்கிப்போடாத, தண்டு அறுந்திடும்.”

அன்றிலிருந்து தினமும் போனாள். முருக்கமுள் கையெல்லாம் கீறியது. கொடிகள் மெல்ல மரமேறின. ஆனால் மார்க்கண்டு எழும்பவில்லை. தை பிறக்குமுன் போய்விட்டார்.

அவள் தோட்டத்துக்குள் போனதால்தான் அண்ணன் செத்தார் என்று செத்தவீட்டிலேயே சொன்னான், மார்க்கண்டுவின் தம்பி வீரகத்தி. தோட்டப் பக்கமே போகாத எத்தனை பெண்கள் அந்த மாதம் தாலியறுத்தார்கள்! அதை ஒருவரும் பேசவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வந்தது. ஊரில் மற்றத் தோட்டங்கள் எல்லாம் கட்டுவாரின்றி அழுகிவிட்டிருந்தன. சந்தைக்கும் வரத்து இல்லை. படையலுக்கு வெற்றிலை இல்லாமல் சொந்தக்காரர் முழித்தார்கள். இரஞ்சிதம் எழுந்துபோய், ஒரு தட்டு நிறையப் பறித்துவந்து வீரகத்தியின் முன்னால் வைத்தாள்.

“நான் கட்டின கொடியில ஆய்ஞ்ச வெத்திலை, தம்பி. உங்கட அண்ணருக்குப் படைக்கலாமோ, கூடாதோ? நீங்களே சொல்லுங்கோ.”

வீரகத்தி தட்டை இரண்டு கையாலும் எடுத்துப்போய்ப் படையலில் வைத்தான். செத்தவீட்டில் கல்லாக இருந்த இரஞ்சிதம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.