பதினொன்று என்று சொன்னேன்

சாத்தூரில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் அங்கே கூடுகிற நண்பர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவன் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறான். இன்னொருவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில், காலண்டர் பைண்டிங் பிரிவில். கம்பெனி வேனும் என் பஸ்சும் வருகிற வரைக்கும் எங்களுக்குப் புதிர்தான் பொழுதுபோக்கு. கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே தினமும் ஒரு புதிர் போட்டிருக்கும். விடை மறுநாள் தாளில் வரும்.

நான் தோற்றதே கிடையாது. புக்கிங் ஆபீஸ்காரன் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவான். நான் டீயை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, கஷ்டப்படுவதுபோல் கொஞ்சம் நடித்துவிட்டு விடையைச் சொல்வேன். மறுநாள் தாளில் அதுவேதான் இருக்கும்.

"ஏலே, இவன் மண்டைக்குள்ள அம்புட்டும் மூளைதான்லே" என்று பட்டாசுக் கம்பெனிக்காரன் கடைக்கே கேட்கிற மாதிரி கத்துவான். எனக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

அந்தக் காலண்டர் எங்கள் அச்சகத்தில் போட்டது. அதை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. ஆடியிலேயே அடுத்த வருடத்து வேலை தொடங்கிவிடும். வருடம் பிறப்பதற்குள் அத்தனை தாளும் என் கை வழியாகப் போய்விடும். மை இழுகியதால் கழித்துப்போட்ட காலண்டர்க் கட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து வைத்திருந்தேன். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். வேறு எதற்கும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அதற்காகத்தான் செய்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இந்த வருடம் பட்டாசுக் கம்பெனிக்காரன் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் மனைவியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். வெடிமருந்து நெடியில் அவளுக்கு இருமல் வந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. அரசு வேலைப் பரீட்சை எழுதி எப்படியாவது அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் நல்லாப் படிக்கா மாப்ள. இந்தப் புதிர்க் கணக்குதான் பயமுறுத்துது. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து சொல்லிக்குடேன்."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பானே.

ஞாயிறுதோறும் போனேன். என் காலண்டர்க் கட்டிலிருந்து புதிர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கேட்பேன். அவள் தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்வேன். "எப்பிடிண்ணே வந்துச்சு?" என்று கேட்டால், "யோசிம்மா, யோசிச்சாத்தான் பிடிபடும்" என்பேன். ஒரு வாத்தியார் வேறு எப்படிப் பேசுவாராம்! அவள் உண்மையிலேயே யோசித்தாள். போகப்போகத் தானே விடைக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் எனக்குக் கறிச்சோறு போட்டான்.

ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த அன்றைய புதிரை அவளே வாசித்தாள். அதுவும் எங்கள் காலண்டர்தான். ஒரு பெட்டியில் பத்து சிவப்பு மத்தாப்புக் குச்சி, பத்து பச்சை மத்தாப்புக் குச்சி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு கட்டாயம் கிடைக்க, குறைந்தது எத்தனை குச்சி எடுக்க வேண்டும்?

"மூணுண்ணே" என்றாள் உடனே. "முதல் ரெண்டும் வேற வேற கலரா வந்துட்டாலும், மூணாவது ஏதாச்சும் ஒண்ணோட சேந்துதானே ஆகணும்?"

நான் படித்து வைத்திருந்த விடை பதினொன்று. அவள் சொன்ன நொடியே அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கே விளங்கிவிட்டது. இரண்டு நிறமும் கிடைக்க எத்தனை எடுக்க வேண்டும் என்கிற வேறொரு புதிரின் விடை அங்கே மாறி உட்கார்ந்திருந்தது. மூன்று என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் ஊர் முழுக்கச் சுவரில் பதினொன்று என்று தொங்கும். நான் மூன்று என்று சொன்னதை அவள் புருஷன் வந்து சொன்னால் டீக்கடையில் என் மானம் போகும் என்று தோன்றியது.

"இல்லம்மா, பதினொண்ணு" என்றேன்.

"எப்பிடிண்ணே?"

"யோசி."

அவள் சிலேட்டில் எழுதியிருந்த மூன்றை விரலால் அழித்தாள்.

மறுநாள் டீக்கடையில் புக்கிங் ஆபீஸ்காரன் மட்டும் தாளை முறைத்துப் பார்த்து, "எங்கனயோ இடிக்குதே" என்றான். "அச்சுலயே வந்துருச்சு, பெறகென்ன" என்று கடைக்காரர் முடித்துவிட்டார். நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்கிற தாள் கணக்கில் தப்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நானும் தலையை ஆட்டினேன்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் அவளுக்கு உடம்பு சரியில்லை, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று பட்டாசுக் கம்பெனிக்காரன் ஏதேதோ காரணம் சொன்னான். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. பிறகு ஒருநாள் வேனுக்காக நிற்கும்போது, நான் கேட்காமலே சொன்னான்:

"அவ பரீட்சை எழுதலையாம் மாப்ள. அப்ளிகேசனே போடலன்னுட்டா. அந்த மத்தாப்புக் கணக்கு இருக்குல்ல, எத்தன தடவ போட்டாலும் அவளுக்கு மூணுதான் வருதாம். அண்ணனும் காலண்டரும் சொல்றது மண்டையில ஏறல, இம்புட்டு அறிவ வச்சுக்கிட்டு நான் எங்குட்டுப் போயி எழுதன்னு அழுதுட்டா."

வேன் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு என் பஸ்சில் ஏறினேன். அன்று முழுக்க அச்சகத்தில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒருத்தி சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று சொல்லி, அவளை மருந்து நெடிக்குள்ளேயே திரும்பத் தள்ளிவிட்டிருந்தேன், டீக்கடையில் நாலு பேர் என்னைப் புத்திசாலி என்று சொல்ல வேண்டும் என்பதற்காக.

சாயங்காலம் பஸ்சை விட்டு இறங்கி நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார்கள். அவள் வாசல் குழாயடியில் முழங்கை வரை ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழித்துப்போட்ட காலண்டர்க் கட்டை எடுத்துவந்ததை, அதை நான் மனப்பாடம் செய்ததை, பதினொன்று தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்ததை. நண்பன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் குழாயை மூடினாள்.

"அப்ப மூணுதானாண்ணே?"

"மூணுதாம்மா. நீ சொன்னதுதான் சரி. இப்பக்கூட அப்ளிகேசன் போட்டுரலாம், நானே வந்து..."

"கடைசித் தேதி போன வாரமே முடிஞ்சிருச்சுண்ணே."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். இருமல் வந்தது. அது அடங்கும்வரை நான் காத்திருந்தேன்.

"அடுத்த தடவ எழுதிக்கிறேன்" என்றாள். "இனிமே நீங்க வராதீக. நானே படிச்சுக்கிறேன்."