அழகு ஆபரேஷன்

வெள்ளிமலை வண்டியில் கண்டக்டர் ராஜாங்கம் நடப்பதில்லை. காசுதான் கைமாறிக் கைமாறி அவரிடம் வரும். பின்படியை ஒட்டிய இருவர் சீட்டை முழுக்க நிறைத்து உட்கார்ந்தபடி, "கச்சிராயபாளையம் யாரு கேட்டது? இந்தா, முன்னாடி குடு" என்று டிக்கெட்டையும் பாக்கியையும் கூட்டத்தின் கையிலேயே அனுப்பிவைப்பார். இதுவரை எதுவும் வழியில் தொலைந்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருப்பதால் கள்ளக்குறிச்சிப் பக்கம் இப்போது அடிக்கடி மறியல். ஒருநாள் வண்டியை மறித்தவர் ஒருவர், இறங்கி வந்து தங்களோடு உட்காரும்படி இவரைக் கூப்பிட்டார். "நான் உக்காந்தா, நீங்க எழுந்தாலும் ரோடு தொறக்காதுப்பா. எனக்கு ரெண்டு ஆளு சீட்டு ஒதுக்கினா போதும்" என்றார் ராஜாங்கம். கூப்பிட்டவரே சிரித்துவிட்டார்.

அந்த வாயை நம்பி ஏமாறக் கூடாது. உள்ளுக்குள் அவருக்குப் பயம். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறது. முழங்கிக்கொண்டிருக்கும் குறட்டை திடீரென்று அடங்கும். மனைவி காசியம்மாள் பிடித்து உலுக்கினால்தான் மூச்சு திரும்பும். வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒருநாள் அது திரும்பாமலே போகலாம் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். ஊரோ வேறு கணக்குப் போடுகிறது: வஞ்சனையில்லாமல் தின்று வளர்த்த உடம்பாம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு உருண்டை களி என்றால் யார் நம்புகிறார்கள்?

அவரை நிறுக்க உள்ளூர் மருத்துவமனை மெஷினால் முடியவில்லை. நெல் மண்டித் தராசில் போய் ஏறி நின்றார். மண்டிக்காரர் பழக்கதோஷத்தில் சாக்குக்கு ஒரு கிலோ கழித்து எடை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். போட்டிருக்கிற சட்டையும் பேண்டும் சாக்கு மாதிரிதான், கழித்தது நியாயம் என்று ராஜாங்கமே அவரைத் தேற்றினார்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற காப்பீட்டில் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டிருந்தார். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. விஷயம் டிப்போ முழுக்கப் பரவி, அவர் 'அழகண்ணன்' ஆகிவிட்டார். அவரும் சளைக்கவில்லை. தனக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார்கள், அதனால்தான் கேட்டேன் என்று எடுத்துவிடுவார். வீட்டில் மட்டும் அந்த வேடிக்கை எடுபடவில்லை.

"உசுரோட இருக்கறது இன்னா அழகா?" என்று கேட்டாள் காசியம்மாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி வாங்கி, காப்பீட்டுக்காரர்களிடம் மறுபடியும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மதியம் வெள்ளிமலையில் வண்டி நிற்கும் நேரத்தில் ராஜாங்கம் சீட்டிலேயே சாய்ந்து கண்ணயர்வார். டிரைவர் ஆதிமூலம் வயதில் மூத்தவர். டீக்குக்கூடப் போகாமல் பின்சீட்டில் வந்து உட்கார்ந்து, குறட்டை நின்றால் தோளைத் தட்டி எழுப்புவார். முதல் நாள் ராஜாங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தூங்கிக்கினு இருக்கற ஆளைப் பாத்துக்கினு குந்தியிருக்கீங்களே, நான் இன்னா தொட்டில் கொழந்தையா? போய் டீ குடிங்கண்ணே."

அதிலிருந்து ஆதிமூலம் பேப்பர் படிக்கிற பாவனையில் காவல் இருந்தார். இவரும் ஒன்றும் தெரியாத பாவனையில் தூங்கினார். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

போன வாரம், வண்டி வெள்ளிமலையில் போய் நின்றதும் காப்பீட்டு ஆபீஸிலிருந்து போன் வந்தது. ராஜாங்கம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"அழகுக்குத்தானாம்ணே" என்றார்.

ஆதிமூலம் வழக்கம்போல பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ராஜாங்கம் திரும்பி, அதை வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். பிறகு அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.