நாற்பதுக்குக் குறையாமல் இருந்தாக வேண்டிய கரண்டிவாயன்கள்

அந்தக் கடலோரச் சரணாலயத்தில் வந்திறங்கும் ஒவ்வொரு பறவையின் குலம் கோத்திரமும் கொக்கு மாமாவுக்கு அத்துப்படி. சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். பாதிப் பறவைகளைத் தெரியும். மீதிக்குப் புத்தகம் புரட்டுவார்.

இருபத்தாறு வருடமாக அங்கே காவலர். நெட்டைக் கால்கள், முட்டிவரை ரப்பர் பூட்ஸ். பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தெற்குச் சேற்றுத்திட்டில் படகு நுழையாமல் விரட்டி விரட்டியே மூட்டு தேய்ந்தது. உலகில் அரிதாகிவிட்ட கறுப்பு முகக் கரண்டிவாயன் பறவைகள் குளிர்காலம் முழுக்க இளைப்பாறுவது அங்கேதான்.

இந்த வருடம் மேலிடம் ஒரு கோடு கிழித்தது. கரண்டிவாயன்களின் எண்ணிக்கை நாற்பதுக்குக் குறைந்தால் திட்டு சுற்றுலாப் படகுகளுக்குத் திறந்துவிடப்படும்.

கடல் ஏறி, பறவைகள் ஒதுங்கி நிற்கும் ஒரு மணி நேரத்தில்தான் எண்ண முடியும். கிழக்குக் கண்காணிப்புக் குடிலில் மாமா. மேற்கில் அவர் மனைவி. வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவர் அவர்தான், பதினோரு வருடமாக எண்ணிக்கைக்கும் துணை. நடுவில் பறவை இடம் மாறினால் இருவரும் நேரம் போட்டுக் குறிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பறவை இரண்டு தாளிலும் ஏறிவிடும்.

அன்று இருபத்தொன்று எண்ணி முடித்த மாமாவுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆறு கரண்டிவாயன்கள் எழுந்து மேற்கே போயின. பென்சிலை எடுத்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். எழுதவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி இரண்டு தாளையும் கூட்டினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு.

"நாற்பத்திமூணு. என்ன மாமா, உங்க சொத்து தப்பிச்சுது. முகத்த ஏன் உர்ருனு வெச்சிருக்கீங்க?"

மாமா பூட்ஸ் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் மனைவி. "பத்து பதினாலுக்கு ஆறு என் பக்கம் வந்து இறங்கிச்சு. ஓரத்துல குறிச்சிருக்கேன். ஏங்க, உங்க தாள்ல அது இல்லியே?"

"நான் கவனிக்கல."

"நீங்க இருமினது எனக்கே கேட்டுச்சு."

மாமா குரல் இறங்கியது. "திட்டு போயிடும்மா."

"தெரியும். ஒரு எண்ணு பொய்னு தெரிஞ்சா, நிஜமா நிக்கறதையும் யாரும் நம்பமாட்டாங்க."

மனைவி அதிகாரி பக்கம் திரும்பினார்.

"அடிச்சு எழுதுங்க சார். முப்பத்தேழு."