முருகைக்கல் குவியலும் ஸ்டெல்லா அண்ணியும்

சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்துற சத்தம் கேட்டிருக்கீங்களா? புஸ்ஸ்ஸ்னு சீறும்... வெள்ளையா ஆவி கிளம்பும்... மூக்கு எரியும். மலைநாட்டு உக்குவளையில எங்க வீட்டுப் பின்பக்கம் அப்படித்தான் பொழுது விடியும். எங்க அண்ணன் அங்க சுண்ணாம்புக் கல்லு சுடுற போறணை வச்சிருந்தாரு.

எழுபதுகளோட கடைசி. நான் அப்பதான் மாத்தளை டவுன்ல ஒரு புடவைக்கடையில வேலைக்குச் சேந்திருந்தேன்.

அண்ணன் மலைக்கல்லும் சுடுவாரு. ஆனா அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது கடல்கல்லு சுண்ணாம்புதான். கிழக்குக் கரையில வாழைச்சேனைப் பக்கம் மரக்கறி ஏத்திட்டுப் போற லொறி, திரும்பி வாறப்ப வெறுமையா வராம அந்தக் கல்ல ஏத்திட்டு வரும். சுட்டா பால் மாதிரி வெள்ளை! வெத்திலைக் கடைக்காரங்க அதத்தான் கேட்டு வாங்குவாங்க. கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு வெள்ளை அடிக்கவும் அதுதான்.

எங்களுக்கு அது வெறும் கல்லு. கடல்ல எங்க கிடக்கு, எப்படி எடுக்கிறாங்கன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல.

அந்த லொறியில அண்ணன் போய் வந்த பழக்கத்துலதான் ஸ்டெல்லா அண்ணியப் பாத்தாரு. கடலோரத்து ஊர். அவங்க அண்ணன்மார் மீன் பிடிக்கிறவங்க. ரெண்டு பக்கமும் கிறிஸ்தவ வேதக்காரங்க, அதனால கல்யாணத்துக்குப் பெருசா தடை வரல. "சுண்ணாம்பு யாவாரம்"னு மட்டும்தான் அண்ணன் சொல்லியிருக்காரு. என்ன கல்லுன்னு சொல்லல.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல லொறி வந்துச்சு. பின்பக்கம் கல்லக் கொட்டிட்டுப் போனாங்க. அண்ணி கையில தேத்தண்ணிக் கோப்பையோட வெளிய வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. குனிஞ்சு ஒரு துண்டை எடுத்து மோந்து பாத்தாங்க. அதுல ஒரு ஓட்டைக்குள்ள சின்ன நண்டு ஒண்ணு செத்துக் கிடந்துச்சு.

"மச்சாள்... இது முருகைக்கல்லு"ன்னாங்க என்னப் பாத்து. "இது கல்லில்ல. உசிரு. கடலுக்குள்ள பூ மாதிரி வளருறது."

பவளப்பாறையத்தான் அவங்க ஊருல அப்படிச் சொல்வாங்கன்னு எனக்குப் பிறகுதான் தெரியும்.

வேலைக்காரங்க கூடையோட வந்தாங்க, போறணையில அடுக்க. அண்ணி போய் அந்தக் குவியலுக்கு மேல உக்காந்துட்டாங்க! புதுப் பொண்ணு... கழுத்துல புதுத் தாலி... தூறல் வேற.

அண்ணன் ஓடி வந்தாரு. "ஸ்டெல்லா, எழும்பு. ஆளுங்க பாக்குறாங்க."

"இத வெட்டி எடுத்துத்தான் எங்கட வீட்டு வளவுக்குள்ள அலை ஏறி வருது. தென்னையெல்லாம் விழுந்துட்டு. தெரியுமா உங்களுக்கு?"

"நாம வாங்காட்டி இன்னொருத்தன் வாங்குவான்."

"வாங்கட்டும். நான் நீந்திப் பழகின இடத்தச் சுட்டு எனக்குச் சோறு போடாதீங்க."

அண்ணன் கோவத்துல வீட்டுக்குள்ள போயிட்டாரு. எனக்குப் பயம்... இன்னைக்கே பொட்டியக் கட்டிருவாங்களோன்னு. மழை நல்லா வலுத்துருச்சு. கொஞ்ச நேரத்துல அண்ணன் குடையோட வெளிய வந்தாரு. அண்ணி தலைக்கு மேல குடையப் பிடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. வேலைக்காரங்க கூடையக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டாங்க.

அடுத்த தடவை லொறி போறப்ப, மரக்கறியோட அந்தக் கல்லும் திரும்பப் போச்சு. லொறிக்காரர் சிரிச்ச சிரிப்பு இருக்கே...! அண்ணனும் அண்ணியும் போனாங்க. என்னையும் கூட்டிட்டுப் போனாங்க.

நாலந்தா, தம்புள்ளை தாண்டி வெயில் ஏற ஏற எனக்குப் படபடப்பு. அதுவரைக்கும் நான் கடலையே பாத்ததில்ல.

அண்ணியோட பெரியண்ணன் தோணியில ஏத்திட்டுப் போனாரு. தண்ணி கண்ணாடி மாதிரி. குனிஞ்சு பாத்தா... ஐயோ, எப்படிச் சொல்றது! ஊதா, மஞ்சள், வாழைப்பூ நிறம்... விரல் விரலா, விசிறி விசிறியா. இடையில நீலமா பொடி மீன் கூட்டம் ஓடுது. நாங்க சுட்டு வெத்திலையில தடவினது இதையா?

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா, வெட்டின இடம். வெறும் மணலு. ஒரு மீன் இல்ல.

அண்ணி அந்த இடத்துல ஒவ்வொரு கல்லா தண்ணிக்குள்ள விட்டாங்க.

"செத்தது திரும்பப் பொழைக்குமா அண்ணி?"

"பொழைக்காது மச்சாள். ஆனா மீன் குஞ்சுக்கு ஒளிய ஒரு இடம் வேணுமே."

அதுக்கப்புறம் எங்க போறணையில கடல்கல்லு ஏறவே இல்ல. மலைக்கல்லு சுண்ணாம்பு கொஞ்சம் மங்கலா இருக்குன்னு பாதிக் கடைக்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. அண்ணன் முனகிக்கிட்டே சமாளிச்சாரு. ஆனா அண்ணிகிட்ட ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்ல.

பிறகு யுத்தம், பிரச்சினை காலம் வந்துச்சு. ரோடு மூடினாங்க, தொறந்தாங்க, திரும்ப மூடினாங்க. செக்பொயின்ட்... அடையாள அட்டை... பயம். அண்ணியால ஊருக்குப் போக முடியல. ரேடியோவுல மீனவர்களுக்கான வானிலை வந்தா மட்டும் சத்தத்தக் கூட்டி வைப்பாங்க. மலைக்கு நடுவுல எங்க வீட்டுல, கடல் கொந்தளிப்பா இருக்குமாம்னு ஒருத்தர் வாசிப்பாரு. அண்ணி சட்டி கழுவுறத நிப்பாட்டிட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க.

ரோடு மூடியிருந்த ஒரு வருசத்துலதான் அண்ணி காய்ச்சல் வந்து கண்ண மூடினாங்க. அண்ணன் போறணைய அணைச்சாரு. தான் சாகுற வரைக்கும் திரும்பப் பத்த வைக்கவே இல்ல.

இப்ப பாருங்க... காலையில பஸ் ஏறினா பகலுக்கு அந்தக் கடல்ல குளிக்கலாம். எங்க போறீங்கன்னு கேக்க ஒருத்தர் இல்ல. போன மாசம் போனேன். கரையெல்லாம் ஹோட்டல். அடியில கண்ணாடி வச்ச போட்டுல கூட்டிட்டுப் போனாங்க. முருகைக்கல்லு முக்காவாசி செத்து வெளுத்துத்தான் கிடக்கு. ஆழம் குறைஞ்ச இடத்துல என் பக்கத்துல இருந்த பொண்ணு ஒண்ணு ஓரமா தண்ணிக்குள்ள கைய விட்டு ஒரு துண்டை உடைக்கப் பாத்துச்சு. போட் ஓட்டுற தம்பி சத்தம் போட்டான்: "கை வைக்காதீங்க அக்கா! அது உயிரோட இருக்கு!"

எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு. அதே பேச்சு... இப்ப அந்தக் கரையில சத்தம் போட்டுச் சொல்றாங்க.

பஸ்ஸுல வழி நெடுக அதத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், வீட்டுக்கு வந்ததும் அண்ணிகிட்ட சொல்லணும்னு. கதவத் தொறந்த பிறகுதான் உறைச்சுச்சு... யார்கிட்ட சொல்றது?